முந்தானையில் முடிந்த பாண்

நமுனுகுல
21.01.2024

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

அக்கா விஜயா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். வவுனியாவில் நீயும் சுபாஜினியும் பிள்ளை அஜந்தனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போன மாதம் நாம் போனில் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. இங்கே டவர் கிடைக்க வேண்டுமானால் தேயிலை ஸ்டோருக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நிற்க வேண்டும். மூச்சிரைக்க ஏறி, உன்னோடு சண்டை போட்டுவிட்டு, மறுபடி மூச்சிரைக்க இறங்கி வருவது ஓய்வு பெற்ற டீச்சருக்கு ஒத்துவரவில்லை. கடிதமென்றால் உட்கார்ந்தபடியே சண்டை போடலாம். தபால் போய்ச் சேருவதற்குள் இரண்டு பேருக்கும் கோபமும் ஆறிவிடும்.

அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு வருகிறது. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர், இது வயதோடு வருகிற நோய்தான், கடைசியாக மனதில் சேர்ந்தது முதலில் போகும், சின்ன வயதில் சேர்ந்தது கடைசிவரை நிற்கும் என்றார். சரியாகத்தான் இருக்கிறது. காலையில் சாப்பிட்டது தெரியவில்லை. தன் அப்பா கரகம் எடுத்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது பாடிய மாரியம்மன் பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. நம் காதில் அவை ஒருநாளும் விழுந்ததில்லை. அப்பாவைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் எடுத்த அன்றே அவற்றை மூடி வைத்தவர்கள் அவர்கள்.

நத்தாருக்கு நம் வேதக் கோயில் பிள்ளைகள் கிறிஸ்து பிறப்புக் கீத பவனி வந்தார்கள். ஒரு வேனில் வந்து, பாட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டு, கேக் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாம் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக, நடந்து போனது நினைவு வந்தது. லாந்தரை வேறு யாரும் தொடக்கூடாது, நீதான் பிடிப்பாய். வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தானே, பாட ஆள் போதாமல் பக்கத்து வீட்டுக் கந்தப்பண்ணனையும் அவர் தங்கைகளையும் கூட்டிப் போவோம். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் எடுக்கிற உச்சத்துக்கு நம்மில் ஒருவருக்கும் எட்டாது. அதை நினைத்து அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரம் கிடைத்தால் வா. அம்மா சந்தோஷப்படுவார்கள்.

உன் அக்கா,
விஜயலெட்சுமி


வவுனியா
18.02.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

நம் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம். அவருடைய கிருபையால் நாங்கள் சுகம். சபையில் இந்த மாதம் மூன்று குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நம் தோட்டத்து ஆள் ஒருவர் போன் எடுத்துச் சொன்னார், பெயர் வேண்டாம். இந்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்தில் கர்த்தருடைய அப்பமாகக் கொடுக்கிற பாண் துண்டை அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றி, வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்களாம். ஆராதனை முடிந்ததும் நேரே இறங்கி, ரோடு வளைகிற முடக்கில் இருக்கிற மாரியம்மன் கோயில் படியில் போய் அந்தப் பாணோடு உட்கார்ந்தார்களாம். "கர்த்தருடைய பந்தியில வாங்கினத ஒங்கம்மா அம்மனுக்குப் படச்சிட்டாங்க பாஸ்டர்" என்றார் அவர்.

அக்கா, இது உண்மையா? நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பாட்டுப் பாடுகிறார்கள் என்று எழுதியபோது நான் பொறுத்துக்கொண்டேன். இது பாட்டு இல்லை. அந்தப் பந்தியைத் தகுதியில்லாமல் தொடுகிறவர்களைப் பற்றி வேதம் என்ன எச்சரிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? ஞாயிறு பள்ளியில் எனக்கு வேதம் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

உடனே பதில் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
தம்பி ஜெயரூபன்


நமுனுகுல
06.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகமும் வேண்டும். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

பாணைக் கண்ணில் ஒற்றியது உண்மை. முந்தானையில் முடிந்தது உண்மை. கோயில் படியில் உட்கார்ந்ததும் உண்மை. நான் நாலடி பின்னால் குடையோடு நின்றேன், ஆகவே என்னைக் காணாமல் விட்ட ஆளுக்குக் கண்ணாடி மாற்றச் சொல். மற்றதை நான் கடிதத்தில் எழுத மாட்டேன். வந்து உன் கண்ணால் பார்.

தகுதியைப் பற்றி எழுதியிருந்தாய். நம் கோயில் வாசலில் உபதேசியார் நின்ற இடம் ஞாபகமிருக்கிறதா? திருவிருந்துக்குப் பாண் வெட்டும்போது ஓரங்களை வெட்டி ஒரு சுளகில் போட்டு வைப்பார். ஆராதனை முடிந்து நாம் வெளியே வரும்போது பிள்ளைக்கு ஒரு ஓரம் கொடுப்பார். வேதக்காரப் பிள்ளை, மாரியம்மன் கோயில் பிள்ளை என்று பார்க்க மாட்டார். கந்தப்பண்ணன் இரண்டு தரம் வரிசையில் வருவார், இரண்டாம் தரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. உபதேசியாருக்குத் தெரியும். தெரிந்தும் கொடுப்பார். காய்ந்து போன அந்த ஓரத்தின் ருசி பதுளை பேக்கரிகள் எதிலும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கையால் வளர்ந்த பிள்ளை இப்போது பெற்ற தாயின் தகுதியைக் கேட்கிறான். எனக்குக் கோபம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

சுபாஜினியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


வவுனியா
27.03.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பெரிய வெள்ளி வருகிறது. உபவாசத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து ஆண்டவரைத் துதித்தேன்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கிறீர்கள். என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். முடிவுவரை நிலைத்து நிற்கிறவனுக்குத்தான் இரட்சிப்பு என்று நானே மேடையில் பிரசங்கிக்கிறேன். வாயால் ஆண்டவரே ஆண்டவரே என்று சொன்ன எல்லாரும் பரலோகம் போவதில்லை என்றும் பிரசங்கிக்கிறேன். அம்மா எடுத்தது கல்யாணத்துக்காக எடுத்த தெளிப்பு ஞானஸ்நானம். முழுகி எடுக்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டேன்? "குளுரு தாங்காதுப்பா" என்று சிரித்தே தட்டிக் கழித்துவிட்டார்கள். இப்போது கடைசிக் காலத்தில் விட்டு வந்த தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். என் சபையில் வேறு ஒரு தாய் இப்படிச் செய்தால் அவர்களுடைய மகனிடம் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரலோகத்தில் நான் போய் நிற்கும்போது அம்மா அங்கே இல்லாவிட்டால் அந்தப் பரலோகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், அக்கா?

மூத்த பாஸ்டரோடு கலந்து பேசினேன். இது வெறும் நோய் இல்லை, ஆவியின் கட்டு என்கிறார். அம்மாவை இங்கே கூட்டி வந்து சபையாக நாற்பது நாள் ஜெபிக்கலாம். ஈஸ்டர் முடிந்ததும் வேனோடு வருகிறேன். சம்மதம் எழுதுங்கள்.

தம்பி ஜெயரூபன்


நமுனுகுல
20.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை மழை தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

வேன் வேண்டாம். அம்மாவை அனுப்ப மாட்டேன். குசினியிலிருந்து படுக்கைக்கு வழி தெரியாமல் நிற்கிறவர்களை வவுனியா வெயிலில் கொண்டுபோய், முன்பின் தெரியாத நூறு பேர் சுற்றி நின்று தலையில் கை வைத்துக் கத்தினால் என்ன ஆவார்கள் என்று யோசித்தாயா? மூத்த பாஸ்டர் ஆவி என்கிறார். ஸ்கேன் எடுத்த டாக்டர் மூளை சுருங்கிவிட்டது என்று படத்தில் காட்டினார். அப்படியே ஆவி என்றாலும், அது பழைய பாட்டைப் பாடிக்கொண்டு கீரை ஆய்ந்து தருகிற நல்ல ஆவியாக இருக்கிறது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதை வாசித்த அன்று நானும் சாப்பிடவில்லை. ஆனால் வேதத்தை நீ ஒரு பக்கம் புரட்டினால் நான் மறுபக்கம் புரட்டுவேன். ஆண்டவரிடம் புறஜாதிப் பெண் ஒருத்தி வந்தாளே, பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்று அவர் கேட்டபோது, மேசையிலிருந்து விழும் துணிக்கை போதும் என்றாளே. அவள் எந்த ஞானஸ்நானம் எடுத்திருந்தாள்? அவள் கேட்டதும் தனக்கு இல்லை, தன் பிள்ளைக்கு. அந்த இடத்தை இன்னொரு தரம் வாசி. செம்மறியாடு எது, வெள்ளாடு எது என்று பிரிக்கிற வேலையும் மேய்ப்பனுக்குத்தானே கொடுத்திருக்கிறது?

அம்மா கர்த்தரை மறந்துவிட்டார்கள் என்கிறாய். மறந்தவர்களைக் கர்த்தரும் மறந்துவிடுவார் என்று எங்கே எழுதியிருக்கிறது?

நமக்குப் பெயர் வைத்த கதையை அப்பா சொல்வாரே. "பேரு நீ வையி, ஞானஸ்நானம் நா குடுக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அதனால்தான் வேதக்கார வீட்டில் ஒரு விஜயலெட்சுமியும் ஒரு ஜெயரூபனும். அப்பா அவ்வளவு இடம் விட்டு வைத்திருந்தார். நீ ஒரு பாண் துண்டுக்கு இடம் விட மாட்டேன் என்கிறாய்.

வருவதானால் சும்மா வா. மகனாக வா.

அக்கா


வவுனியா
09.05.2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம்.

நீங்கள் வார்த்தையில் கெட்டிக்காரி. நான் வேதத்துக்குக் கீழ்ப்படிகிறவன். அம்மாவை அனுப்ப மனமில்லையென்றால் விடுங்கள். ஆனால் தெரிந்தே அந்தப் பந்தி மறுபடி அவமதிக்கப்பட நான் விடமாட்டேன், அது அம்மாவின் தலைமேல்தான் விழும். பதுளையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற உங்கள் புதுக் குருவானவர் ஐயாவுக்கு நானே எழுதிவிட்டேன். அம்மாவுக்குத் தெளிவு வரும்வரை திருவிருந்து கொடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் நன்மைக்காகத்தான் செய்தேன்.

ஜெயரூபன்


நமுனுகுல
10.07.2024

தம்பிக்கு,

சுகம்.

உன் கடிதத்தை ஐயா கோயில் கமிட்டியில் வாசித்தாராம். ஊரில் பேச்சு வளர வேண்டாம், கொஞ்ச நாளைக்கு ஆசீர்வாதம் மட்டும் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகவில்லை. இந்த ஞாயிறு போனோம்.

அம்மா என்னோடு முழங்காற்படியிட்டார்கள். கையை நீட்டினார்கள். ஐயா தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அம்மா கையை எடுக்கவில்லை. ஐயா வரிசை முடிவுவரை போய்விட்டார், அம்மாவின் கை அப்படியே இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு இல்லியாம்மா?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பாண் வெட்டி ஓரத்தை அவர்கள் கையில் கொடுத்தேன். வாங்கி முடிந்துகொண்டார்கள்.

எழுத வேறொன்றும் இல்லை.

விஜயா


வவுனியா
20.07.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். அந்தக் கையை மறக்க முடியவில்லை. சுபாஜினி வாசித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் "அம்மா உன்னை விசாரித்தார்கள்" என்று முதல் பந்தியிலேயே இருக்கும். நான் பதுளையில் ஹொஸ்டலில் படித்த காலத்திலிருந்து அப்படித்தான். இந்தக் கடிதத்தில் அந்த வரி இல்லை. கோபத்தில் விட்டுவிட்டீர்களா? அல்லது அம்மா விசாரிக்கவில்லையா? அம்மாவுக்கு என்மேல் கோபமா? என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

தயவுசெய்து உண்மையை எழுதுங்கள்.

தம்பி ரூபன்


நமுனுகுல
04.08.2024

பாஸ்டர் தம்பி ரூபனுக்கு,

பக்கத்து வீட்டுக் கந்தப்பன் எழுதுறது. நா நல்லா இருக்கேன். லொறி ஓட்டுறத விட்டுட்டு இப்ப மாரியம்மன் கோயில் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீயும் குடும்பமும் நல்லா இருக்கணும்னு ஆத்தாள வேண்டிக்கிறேன். கோவிச்சுக்காத, எனக்கு வேண்டத் தெரிஞ்ச எடம் அதுதான்.

ஒங் கடுதாசிய வச்சுக்கிட்டு விஜயா டீச்சர் ஒரு வாரமா அழுவுது. பதில் எழுதச் சொன்னா மாட்டேங்குது. அதனால நா எழுதுறேன். அதுக்குத் தெரியாது.

ஒங்கம்மா எங்க சாமிக்கு அந்தப் பாண வைக்கல தம்பி. ஒரு நாளும் வைக்கல. அங்கன உக்காந்திருக்கறதப் பாத்து நாந்தான் கேட்டேன், "என்னம்மா முடிஞ்சு வச்சிருக்கீங்க, ஆத்தாளுக்கா?" அப்டின்னு. "சும்மா இரு கந்தப்பா, இது எம் புள்ளைக்கு" அப்டின்னாங்க. எனக்கும் குடுக்கல, எங்க ஆத்தாளுக்கும் குடுக்கல.

நீ பதுளையில ஹொஸ்டல்ல இருந்தப்ப மாசத்துல மொத ஞாயித்துக்கிழமதான வீட்டுக்கு விடுவாங்க. பஸ்ஸு வந்து சேரக்குள்ள ஒங்க கோயில் பூச முடிஞ்சிரும். ஒனக்கு ஓரம் கெடைக்காதுன்னு அம்மா உபதேசியார்கிட்ட கேட்டு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு முடக்குல வந்து நிப்பாங்க. அந்த முடக்குல உக்காரதுக்கு எங்க கோயில் படிய விட்டா வேற எடம் ஏது? நீ எறங்கினதும் மூஞ்சி கூடக் கழுவாம அதத் திம்ப. நா பாத்திருக்கேன். பாதி புடுங்கித் தின்னும் இருக்கேன்.

இப்பவும் அந்தப் பையனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒன்னய இல்ல தம்பி. சொல்லக் கஷ்டமா இருக்கு. போன வருஷம் நீ அனுப்பின போட்டோவக் காட்டினா, "இந்த ஐயா யாரு"ன்னுதான் கேக்குறாங்க. விஜயா டீச்சர் ஒனக்கு எழுதுற "அம்மா விசாரிச்சாங்க" எல்லாம் அது தானாப் போட்டு எழுதுறது. அதச் சொன்னா நீ ஒடஞ்சு போயிருவன்னு மறைக்கிது.

யாரு மோச்சம் போவா, யாரு போக மாட்டா, எனக்குத் தெரியாது. அம்மா தெனமும் முடக்குக்குப் போறது மட்டும் தெரியும். வந்து பாத்துட்டுப் போ.

கந்தப்பன்


வவுனியா
15.08.2024

அன்பின் அக்காவுக்கு,

கந்தப்பண்ணன் எழுதினார். அவரோடு கோபிக்க வேண்டாம்.

செப்டம்பர் முதல் ஞாயிறு வருகிறேன். தனியாக வருகிறேன். வேன் இல்லை.

ரூபன்


வவுனியா
10.09.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த தேயிலையும் பேரிக்காயும் சுபாஜினிக்கும் அஜந்தனுக்கும் பிடித்துவிட்டன. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வீட்டில் இருந்த இரண்டு நாளும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "அம்மாவ முடக்குலயே சந்திச்சிட்டியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அங்கே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து பசறை வழியாக வருகிற பஸ்ஸில்தான் வந்தேன். பழைய பஸ் மாதிரியே எல்லா முடக்கிலும் ஹோன் அடித்தது. தேயிலை மலை தெரியத் தொடங்கியதும் என் வயிற்றில் பசி வந்தது. காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். ஹொஸ்டல் பையனுக்கு வருகிற பசி அது. கோயில் படி என்று அந்த ஆள் போனில் சொன்னபோது எனக்கு உள்ளே இருக்கிற சிலைதான் கண்ணுக்கு முன் வந்தது. அந்தப் படியில் எனக்காக ஒரு பெண் உட்கார்ந்திருந்தது வரவேயில்லை. அது ஏன் வரவில்லை என்று வழி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இறங்கினேன். அம்மா படியில் இருந்தார்கள். நீங்கள் சற்றுத் தள்ளிக் கந்தப்பண்ணனோடு பேசிக்கொண்டு நின்றீர்கள், என்னைக் கவனிக்கவில்லை. அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வேறு யாரும் இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது.

பக்கத்தில் போய் நின்றேன். "யாருங்க ஐயா? எந்த ஊரு?" என்றார்கள்.

"வவுனியாங்கம்மா" என்றேன்.

"அம்மாடி, அவ்வளவு தூரமா? மூஞ்சியெல்லாம் வாடிப்போயிருக்கே. சாப்பிட்டீங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொன்னேன் அக்கா, அந்த நேரத்தில் அது பொய்யாக இருக்கவில்லை. அம்மா ரோட்டை இன்னொரு தரம் பார்த்தார்கள். பிறகு முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். "எம் மகன் இன்னிக்கு வர மாட்டான் போல. ஹொஸ்டல்ல விட்டிருக்க மாட்டாங்க. நீங்க சாப்பிடுங்க ஐயா, பசியோட போகக்கூடாது" என்று ஓரத்தை என் கையில் வைத்தார்கள். இரண்டு கையாலும் வைத்தார்கள்.

நான் ஊழியத்துக்கு வந்து எத்தனை வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன். அந்த மேசையில் என் கையால் எத்தனை பேருக்குப் பகிர்ந்திருப்பேன். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் யார், எதை நம்புகிறேன், எந்தத் தண்ணீரில் முழுகினேன், எதுவும் கேட்கவில்லை. பசிக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். நான் நின்றபடியே அதைத் தின்றேன். காய்ந்துபோயிருந்தது. அழுதுகொண்டே தின்று முடித்தேன்.

"சாமி ஒங்களுக்கு நல்ல வழி காட்டும்" என்றார்கள் அம்மா. எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.

முடிவுவரை நிலைத்து நிற்பதைப் பற்றி உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்த வசனத்தை நான் இன்னும் நம்புகிறேன். முடக்கில் உட்கார்ந்திருந்த அம்மாவைவிட நிலைத்து நின்ற ஒருவரை நான் என் சபையில் கண்டதில்லை. அம்மா இரட்சிக்கப்பட்டவர்களா என்று இனி நான் கேட்க மாட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை, அவர்கள் கையிலிருந்து வாங்கித் தின்றவன். மூத்த பாஸ்டரிடமும் இதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சபையில் இதைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்கப்போகிறார்கள். கேட்கட்டும்.

திரும்பி வரும்போது பதுளையில் உங்கள் ஐயாவைப் பார்த்தேன். என் கடிதத்தைக் கிழித்துவிடச் சொன்னேன். அவர் அதை ஏற்கெனவே கிழித்துவிட்டாராம், அம்மாவுக்குத் திருவிருந்தை எப்படித் திரும்பக் கொடுப்பது என்றுதான் தெரியாமல் இருந்தாராம்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். யார் என்று கேட்டால் வவுனியாக்காரர் என்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் தம்பி,
ரூபன்


நமுனுகுல
08.10.2024

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஸலீமின் ஆட்டோவில்தான் இப்போது கோயிலுக்குப் போய் வருகிறோம். சுபாஜினியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உன் சபையில் என்ன நடந்தது என்று எழுது. அவர்கள் உன்னை விட்டுவிட்டால் இங்கே நத்தார் கீத பவனிக்கு லாந்தர் பிடிக்க ஆள் இல்லை.

உன் கடிதத்தைக் கந்தப்பண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நா பாதி புடுங்கித் தின்னத அவங் கடுதாசியில எழுதலியே" என்றார்.

முந்தாநாள் ஞாயிறு திருவிருந்து. அம்மா கையை நீட்டினார்கள். ஐயா பாணை வைத்தார். அம்மா கண்ணில் ஒற்றி, முடிந்துகொண்டார்கள். பிறகு மறுபடி கையை நீட்டினார்கள். "இன்னொண்ணு குடுங்க ஐயா" என்றார்கள், கோயில் முழுக்கக் கேட்கும்படி. ஐயா அம்மாவின் முந்தானை முடிச்சைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு துண்டை எடுத்து வைத்தார்.

ஆராதனை முடிந்து முடக்குக்குப் போனோம். படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள், இரண்டும் இருக்கிறதா என்று. "எதுக்கும்மா ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எம் மகனுக்கு. இன்னொண்ணு அன்னிக்கிப் பசியோட வந்தாரே, அழுதுகிட்டே சாப்பிட்டாரே, அந்த ஐயாவுக்கு. மறுபடியும் வந்தாருன்னா?"

நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாதவர்கள், தம்பி. உன்னை ஒரு மாதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பஸ் வந்து போன பிறகு வீட்டுக்கு ஏறினோம். பாதி வழியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஐயா வீடு போய்ச் சேந்துட்டாரா?" என்று கேட்டார்கள். சேர்ந்துவிட்டார், கடிதம் போட்டிருக்கிறார் என்று சொன்னேன்.

இதை நான் என் கையால் போட்டு எழுதவில்லை. அம்மா உன்னை விசாரித்தார்கள்.

உன் அக்கா,
விஜயா